தோரானியா நாட்டு அதிகாரிக்குப் பாடு கிடையாது

1

நான் ஒரு வெளிநாட்டின் மீன்வளத்துறைத் துணைச் செயலாளர் என்று எங்கள் ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டின் பெயர் தோரானியா. அப்படி ஒரு நாடு கிடையாது. கிடையாது என்பதை எழுத்தில் வாங்கிக் கொடு என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

முறையாகச் சொல்கிறேன். என் பெயர் கோதண்டன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் பிறந்தவன். கப்பலில் சமையல்கட்டு உதவிக்கு என்று கிளம்பி, நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுக ஊரில் கரையிறங்கி, பதினெட்டு வருடமாக இங்கேயே மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறேன். மனைவி செல்விக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நாங்கள் அவளைத் தமிழில் திட்டுவோம், அவள் நார்வே மொழியில் மன்னிப்புக் கேட்பாள். மன்னிப்புதானா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

குடியுரிமைக்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. நான் அதில் இரண்டு முறை தோற்றவன். வகுப்பு ஆசிரியை, "தொலைக்காட்சி பாருங்கள், காது பழகிவிடும்" என்றார். அதனால் செவ்வாய்க்கிழமை தோறும் ஆலையிலிருந்து வந்து, குளித்து, டீ போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்காருவேன். அந்த நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி வந்தது. பெயரைத் தமிழில் சொன்னால் 'பரிசீலனையில் உள்ளது'. ஒரு நீளமான மேசை, சுற்றிலும் கோட்டு போட்டவர்கள், நடுவில் மீன்வள அமைச்சர். நிதானமாகப் பேசுகிறார்கள், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை. சட்டசபை நடவடிக்கையை நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் அமைச்சர், தனக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது, ஆகவே துறைமுகங்களை ஊருக்கு வெளியே மாற்ற முடியுமா என்று கேட்டார். செயலாளர் அதை எழுதிக்கொண்டார். இரண்டாவது வாரம், ஒரு குழு தேவையா என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். மூன்றாவது வாரம் அந்தக் குழுவுக்கு நாற்காலி போதவில்லை என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நான் செல்வியைக் கூப்பிட்டு, "பாரேன், எவ்ளோ பொறுமையா நடத்தறாங்க. நம்ம ஊர்ல இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும்" என்றேன். அவளும் நின்று பார்த்து, அந்த அமைச்சர் முகம் வாடியிருப்பதாகச் சொன்னாள். உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

யாழினி தன் அறையிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, இது காமெடி."

"எது?"

"இது எல்லாம். இந்த ஆள் நடிகர்ப்பா."

எனக்கு எப்படித் தெரியும்? நான் வளர்ந்த இடத்தில் காமெடி என்றால் ஒருவன் அறை வாங்குவான், பின்னால் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். இங்கே யாரும் அடி வாங்கவில்லை, சத்தம் வரவில்லை, சிரிப்பொலிகூடப் போடவில்லை. மறுநாள் ஆலையில் பக்கத்தில் நின்று மீன் அறுக்கும் ஸ்டெய்னாரிடம், நேற்று அதைப் பார்த்தாயா, சிரித்தாயா என்று கேட்டேன். இந்தப் பக்கத்து மனிதர்கள் 'ஆமாம்' என்பதற்குப் பதில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போடுவார்கள். வந்த புதிதில் எல்லாருக்கும் இழுப்பு நோய் என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். ஸ்டெய்னார் மூச்சை இழுத்தான். பிறகு, முகத்தில் ஒரு கோடு அசையாமல், "வயிறு வலிக்கச் சிரித்தேன்" என்றான்.

2

போன வசந்தத்தில் அந்தக் கூட்டம் எங்கள் துறைமுகத்துக்கே படம் பிடிக்க வந்தது. கதைப்படி, கடலில் ஒரு பாறை. நீர் ஏறினால் மூழ்கும், வற்றினால் தெரியும். அது நார்வேக்குச் சொந்தமா, தோரானியா என்ற தீவு நாட்டுக்குச் சொந்தமா என்று பேச்சுவார்த்தை. தோரானியா தரப்பில் உட்கார ஓர் ஆள் குறைந்தது. ஆலை மேற்பார்வையாளர் என்னைக் கை காட்டிவிட்டார்.

சாம்பல் நிறக் கோட்டு கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பச்சையும் ஆரஞ்சும் கலந்த சின்னக் கொடி, பக்கத்தில் பதவிப் பலகை. இயக்குநர் ஒரு சின்னப் பெண். "நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். எல்லாரும் தலையாட்டும்போது நீங்கள் மட்டும் ஆட்டாதீர்கள்" என்றாள். ஆறு மணி நேரம் தலையாட்டாமல் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் என் பணி: 'துணைச் செயலாளர், மீன்வளம், தோரானியா (பேசாதவர்)'. பதினெட்டு வருடத்தில் இந்த நாட்டில் என்னை யாரும் அவ்வளவு பெரிய பெயரில் எழுதியதில்லை.

குளிர்கால ஆரம்பத்தில் அது ஒளிபரப்பானது. நாற்பது வினாடி வந்தேன். மறுநாள் யாழினி பள்ளியிலிருந்து வந்து, வகுப்பில் எல்லாருக்கும் காட்டி, 'இது என் அப்பா' என்று சொன்னதாகச் சொன்னாள். பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம், அம்மா மட்டும் போதும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில்தான் அந்த நாற்பது வினாடியை வெட்டி நைனாவின், அதாவது என் அப்பாவின், வாட்ஸப்புக்கு அனுப்பினேன். காமெடி என்று எழுதவில்லை. 'பாருங்க' என்று மட்டும் எழுதினேன். கொஞ்சம் பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

3

நைனாவின் பெயர் தேசப்பன், அறுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு பசியாவரத்தில் தனியாக இருக்கிறார். அவருக்கு இருப்பது ஒரு படகும் என் பெயரில் இருக்கும் பாடும்.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் கழி ஊன்றி வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைதான் பாடு. பட்டியலில் பெயர் இருந்தால் ஏரி உண்டு, இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் வீட்டுக்கு ஒரு பெயர். எனக்குக் கல்யாணம் ஆனதும் நைனா பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். நான் இங்கே வந்துவிட்டதால் என் முறைக்கு நைனாதான் இறங்குகிறார். வெளிநாடு போனவன் பெயரை ஊர் எடுப்பதில்லை. நொடித்துப் போய் என்றைக்காவது திரும்பி வருவான் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது. அவன் திரும்பி வரமாட்டான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

வீடியோ அனுப்பிய நாலாம் நாள் நைனா கூப்பிட்டார்.

"கோதண்டா, இன்னாடா நீ, ஒரு வார்த்த சொல்லல."

"இன்னா நைனா?"

"சர்க்கார் உத்தியோகம் ஆய்ட்டியாமே. கொடி எல்லாம் வெச்சிகினு குந்திகினு கீற. படகுத்துறையில பேனர் கட்டிட்டானுங்க."

"நைனா, அது டிவி. சும்மா நடிச்சது."

"நடிப்புன்னா ஒருத்தன் அழுவான், ஆடுவான். நீ கம்னு கீற. மெய்யாலுமே ஆபீசர் கணக்காதான் கீது."

பேனரின் படத்தையும் அனுப்பினார். என் முகம், தோரானியாக் கொடி, கீழே 'கடல் கடந்து கோலோச்சும் எங்கள் ஊரின் செல்வமே' என்று மஞ்சள் எழுத்து, அதைச் சுற்றி எனக்குத் தெரியாத பதினோரு பையன்களின் படம். அன்றைக்கே ஆரம்பாக்கத்து அத்தை மகன், ஐடிஐ முடித்த தன் மகனின் பயோடேட்டாவை அனுப்பி, தோரானியாவில் குளிர் எப்படி, விசா சுலபமா என்று கேட்டிருந்தான். நான் பதில் எழுதுவதற்குள் நைனா மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரலில் பழைய சந்தோஷம் இல்லை.

"ஊர் கூட்டத்துல பேசிட்டாங்கடா. சர்க்கார் ஆளுக்குப் பாடு கிடையாதுன்னு உன் பேர அடிக்கப் போறாங்களாம். வர்ற குலுக்கல்ல நம்ம சீட்டு கிடையாது."

"அப்ப நீ?"

"நான் இன்னா. கரையிலதான் குந்திகினு இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. நைனாவை எனக்குத் தெரியும். புயல் எச்சரிக்கைக்காக நாலு நாள் கரையில் இருந்தாலே யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார். நாற்பது வினாடிப் பெருமைக்காக அந்த மனுஷனை ஏரியிலிருந்து கரையேற்றிவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். இப்போது நாட்டார் துரைக்கண்ணு. அவருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார்.

"நீ சொல்றத நம்புறேன் தம்பி. ஆனா நாளிக்கு எவனாச்சும் கேட்டா? அது சர்க்கார் வேல இல்லன்னு அவங்ககிட்டயே எழுதி வாங்கியா. குலுக்கலுக்கு முன்னாடி வந்துட்டா போதும்."

நியாயமாகத்தான் பட்டது. தொலைக்காட்சி அலுவலகத்துக்கு எழுதினேன். யாழினி திருத்திக் கொடுத்தாள். 'நான் தோரானியா நாட்டு அதிகாரி அல்ல என்று ஒரு சான்று தேவை' என்ற வரியைப் படித்துவிட்டு, "அப்பா, இத அனுப்பினா அவங்களும் காமெடின்னுதான் நினைப்பாங்க" என்றாள். அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து, என் கோரிக்கை பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நிகழ்ச்சியின் பெயரைத்தான் சொல்கிறார்களோ என்று இரண்டு முறை படித்தேன்.

இன்னும் பத்து நாளில் கடிதமே வந்தது. கெட்டித் தாள், மேலே சின்னம், கீழே கையெழுத்து. 'திரு. கோதண்டன் எங்கள் வேண்டுகோளின் பேரில் தோரானியா நாட்டின் மீன்வளத்துறைத் துணைச் செயலாளராக ஒரு நாள் பணியாற்றினார் என்பதையும், அவரது பணி திருப்திகரமாக இருந்தது என்பதையும் இதன்மூலம் உறுதி செய்கிறோம்.'

இதை ஊருக்கு அனுப்பினால் இன்னொரு பேனர் கட்டுவார்கள். போன் செய்தேன். ஓர் அம்மாள் மிகவும் அன்பாகப் பேசினார்.

"தோரானியா என்று ஒரு நாடு இல்லை என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள், போதும்" என்றேன்.

"அதை நாங்கள் உறுதி செய்ய இயலாது. அடுத்த தொடரின் கதையைப் பற்றி வெளியில் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி."

"இல்லாத நாடுதானே?"

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு, அதை எழுத்தில் தர இயலாது என்றார்.

5

கடிதத்தை நம்புவதை விட்டுவிட்டு, முழு நிகழ்ச்சியையும் ஊருக்கே போட்டுக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பார்த்தால் தெரியாதா காமெடி என்று? குலுக்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஊர் கூடியது. ஒரு பையன் என் நிகழ்ச்சியைப் பெரிய திரையில் போட்டான், இன்னொரு போனை ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்த்து வைத்தார்கள். அந்தப் போனில் நான்.

நாட்டார் முதலில் கேட்ட கேள்வி: "பின்னாடி ஜன்னல்ல இருட்டா கீதே, அங்க இப்ப மணி இன்னா?"

"பகல் பன்னெண்டு ஐயா. இங்க இந்த மாசமெல்லாம் சூரியன் வராது."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. நைனா தலையைக் குனிந்துகொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டு என்று ஆரம்பத்திலேயே சொன்னவன், அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் எப்படி எடுபடும்?

படம் ஓடியது. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பாறையைப் பற்றிப் பேச அமைச்சர் ஒரு குழு போடுகிறார். பாறை வெளியே தெரியும்போது மட்டும் அந்தக் குழு கூடும், நீர் ஏறினால் கலைந்துவிடும். ஸ்டெய்னார் மறுபடியும் வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்ன இடம் அது. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரியாதான சொல்றாரு. வத்துனாதான போய்ப் பாக்க முடியும்" என்றார் ஒரு பெரியவர்.

அமைச்சர் படகில் ஏறப் பயந்து, பாறையையே கரைக்குக் கொண்டுவர வழி உண்டா என்று கேட்கிறார். அதற்கும் சிரிப்பில்லை. "நமக்குப் பாலம் வேணுமான்னு பாக்க ஒரு ஆபீசர் போட்ல வந்தாரே. போட்டுதான் நல்லா போவுதேன்னு எழுதிட்டுப் போனாரே. அவரவிட இவுரு தேவல" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கடைசியில் என் நாற்பது வினாடி. எல்லாரும் தலையாட்டுகிறார்கள், நான் மட்டும் ஆட்டவில்லை. படம் முடிந்தது.

"இதுல எது தமாஷ்?" என்று நாட்டார் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானே மூன்று வாரம் சிரிக்காமல் பார்த்தவன்தானே.

முன்வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். "அது கெடக்கட்டும். பாற யாருக்குன்னு முடிஞ்சிது? நீ ஏன் வாயத் தொறக்கல? அத்தினி பேரு தலையாட்டுறான், நம்ம சைடுக்கு நீதான பேசணும்."

"நான் பேசாத வேஷம்ணே."

"பேசாதவன எதுக்கு அனுப்பினாங்க?"

தோரானியாவின் உரிமைக்காகப் பசியாவரம் கால் மணி நேரம் வாதாடியது. நாட்டார் கையைத் தூக்கி அடக்கினார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு உனுக்குக் கூலி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"யாரு?"

"டிவி காரங்க."

"அந்த டிவி யாரது? தனியாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊர் கூடிய இடத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல ஐயா. சர்க்கார் பணத்துல நடக்கிற டிவி."

"அப்ப சர்க்கார் சம்பளந்தான" என்றார் நாட்டார், வருத்தத்தோடு.

தோரானியா அதிகாரியாக இல்லாவிட்டாலும் நார்வே சர்க்காரிடம் ஒரு நாள் கூலி வாங்கியவன். சட்டம் தெளிவாக இருந்தது.

அப்போது நைனா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நாட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் ஆபீசரோ, கூத்தாடியோ, அது எனுக்கு வேணாம். நான் ஏரிக்கு இறங்கலாமா கூடாதா, அத சொல்லுங்க. என்னால கரையில இருக்க முடியாது."

நாட்டார் பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் குனிந்து பேசினார். பிறகு பட்டியல் நோட்டை வாங்கிப் பிரித்தார்.

"அப்பன் பேர எடுத்து மகன் பேர எழுதுவோம். மகன் பேர எடுத்து அப்பன் பேர எழுதுனது இதுவரிக்கும் இல்ல. இப்ப எழுதுவோம். தேசப்பன் இருக்கற வரிக்கும் அவர் பாடு. அவருக்கு அப்புறம் அந்த வூட்டுக்குச் சீட்டு கெடையாது. இன்னா சொல்றீங்க?"

சரி என்று எல்லாரும் சொன்னார்கள். நைனா கும்பிட்டார். எனக்கும் நெஞ்சு லேசானது. அவருக்கு ஏரி கிடைத்துவிட்டது, அதற்குத்தானே ஒரு மாதமாக அலைந்தேன். அந்த நேரத்தில் நாட்டார் நோட்டைப் போனுக்கு நேராகப் பிடித்து, நான் பார்க்கட்டும் என்று, என் பெயர்மேல் நிதானமாக ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டார். நான் வலை தொட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இனிமேலும் தொடப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், செல்விக்கும் தெரியும், ஊருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும், போனை வைத்த பிறகும் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். செல்வி வந்து தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

6

போன வாரம் அந்தத் தொலைக்காட்சியிலிருந்து போன். தோரானியாவின் தலையாட்டாத மனிதரை மக்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அடுத்த தொடரிலும் நான் வேண்டும், இந்த முறை ஒரு வரி பேசவும் வேண்டும் என்றார்கள். யாழினி குதித்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நைனாவைக் கூப்பிட்டேன்.

அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார். அவர் பெயரில் விழுந்த முதல் சீட்டு, நல்ல இடம். குரலே பத்து வயது குறைந்திருந்தது. இறால் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், யார் யார் வந்து பார்த்தார்கள் என்று எல்லாம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நைனா, திரும்பவும் நடிக்கக் கூப்பிடறாங்க. போட்டுமா?"

"போடா. இனிமே உனுக்குப் போறதுக்கு இங்க இன்னா கீது?"

சந்தோஷமாகத்தான் சொன்னார். வலையை உதறுகிற சத்தம் கேட்டது.

"இந்தத் தபா பேச விடுவாங்களா?"

"ஒரு வரி கீது."

"இன்னான்னு?"

"'எங்க தண்ணியில எங்க உரிமைய நாங்க யாருக்கும் விட்டுத் தர மாட்டோம்'னு."

அந்தப் பக்கம் வலை உதறுவது நின்றது. பிறகு நைனா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"இதான்டா தமாஷு" என்றார்.

யாழினி பக்கத்தில் நின்று, தாத்தா எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்டாள். நான் அவளுக்கு நார்வே மொழியில் சொல்ல ஆரம்பித்து, 'பாடு' என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.